மார்சியா ட்ரெய்லரைப் பின்னால் எடுத்த சனிக்கிழமை

யாரும் பார்க்காமல் இருந்தால் மார்சியா போஸ்மாவால் முடியாத காரியம் கிடையாது. கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளுவாள், தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டுவாள், சர்ச் சபைக்கே ஹாம் என்கிற பன்றித்தொடை வாட்டி ஒரு துண்டுகூடக் கருகாமல் எடுப்பாள். ஆனால் யாராவது பக்கத்தில் வந்து நின்று, "நீ செய், நான் சும்மா பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், தீர்ந்தது. கையும் ஓடாது, காலும் ஓடாது. சிறுமியாக இருந்தபோது ஞாயிறு பள்ளி விழாவில் பியானோ முன்னால் உட்கார்ந்தவள், சபை முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டு, பாட்டு முடிகிற வரைக்கும் ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டிருந்தாள். டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தோற்றாள். நான்காவது முறை வந்த அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். மனுஷன் கைக்குட்டையிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை, அதனால் பாஸாகிவிட்டாள். கல்யாணத்தன்று கேக் வெட்டப் போய் மாப்பிள்ளையின் கட்டைவிரலை வெட்டினாள். அந்தத் தழும்பை மெர்ல் இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவான்.

அவளுக்கு வாய்த்த வேலையும் குணத்துக்கு ஏற்றதுதான். மிச்சிகன் மாநிலத்தில், ஸீலண்ட் ஊருக்கு வெளியே உள்ள முட்டைக் கூடத்தில் ஓர் இருட்டறை. விளக்குக்கு மேலே முட்டைகள் உருண்டுபோகும். விரிசல் விட்டது, உள்ளே ரத்தப்பொட்டு விழுந்தது எல்லாவற்றையும் அவள் பொறுக்கி ஒதுக்க வேண்டும். அந்த இருட்டில் அவளை யார் பார்க்கப்போகிறார்கள்? கூடத்திலேயே அவளைவிடக் கை வேகம் உள்ளவர் இல்லை என்று முதலாளி சொல்வார். அதையும் வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும், உள்ளே வந்து சொன்னால் முட்டை உடையும்.

மெர்ல் அதே கூடத்தில் முட்டை லாரி ஓட்டினான். ஆறடி நாலங்குலம், சாந்தமான ஆள். போன குளிர்காலத்தில் அவன் கண்ணில் ஏதோ ஒரு நோய் விழுந்து, நேரே இருப்பது மறைந்துபோனது. ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் தோளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பான். லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். இப்போது கூடத்தில் பெட்டி அடுக்குகிறான். அதைப் பற்றி அவன் அழவில்லை, புலம்பவில்லை. ஒரே ஒரு தடவை, "ஆகஸ்டுக்கு என்ன பண்றது மார்சி?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் என்றால் ஏரிக்கரை. போஸ்மா குடும்பம் மொத்தமும் வருஷாவருஷம் மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கும். மெர்ல், மார்சியா, மகள் டெஸ்ஸா மூன்று பேருக்கும் வருஷத்தின் மற்ற வாரங்களெல்லாம் அந்த ஒரு வாரத்துக்காகக் காத்திருப்பவைதான். ஆனால் கண் தெரியாதவன் கூடாரக் கயிற்றில் எத்தனை முறை தடுக்கி விழுவான்? வண்டிக்குப் பின்னால் கோத்து இழுக்கிற, கதவும் படியும் விளக்கும் உள்ள குட்டி வீடு மாதிரியான ட்ரெய்லர் வேண்டும். அதை இழுத்துப்போக ஒரு ஆள் வேண்டும்.

ஆள் இருந்தான். மெர்லின் அக்கா வில்மாவின் கணவன் லைல். ஈஸ்டர் காப்பி குடிக்க வந்த இடத்தில், ஹாம் பன்னைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டான்.

"நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க? ட்ரெய்லரை வாங்கி என் கொட்டகையில போட்டுடுங்க. நானே இழுத்துட்டுப் போறேன், நானே கொண்டுவந்து விடறேன். என்கூட கிளம்பறீங்க, என்கூட திரும்பறீங்க. அவ்வளவுதான்."

லைல் கெட்டவனா என்றால் இல்லை, நல்லவன். அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். லைல் எங்கேயும் விடியற்காலையில் கிளம்புகிறவன், மேகம் தெரிந்தால் மூட்டை கட்டுகிறவன், வாரம் முடியும் முன்பே "புல் வளர்ந்திருக்கும்" என்று திரும்புகிறவன். இனி ஆயுசுக்கும் தன் குடும்பம் எப்போது எழுந்திருப்பது, எப்போது நீச்சலை முடிப்பது என்பதை லைலின் புல் முடிவு செய்யும் என்று நினைத்தபோது மார்சியா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் இழுக்கிறேன்" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் பெண்கள் டிராக்டர் ஓட்டுவார்கள், பள்ளி பஸ் ஓட்டுவார்கள். ஆனால் ட்ரெய்லர் என்று வந்துவிட்டால் ஆண் ஸ்டியரிங்கைப் பிடிப்பான், பெண் பின்னால் நின்று கையை ஆட்டித் திட்டு வாங்குவாள். அதுதான் வழக்கம்.

"இழுக்கிறது பெரிசில்ல மார்சியா. நேரா போனா எல்லாரும் இழுப்பாங்க" என்றான் லைல் பரிவாக. "ரிவர்ஸ் எடுக்கணுமே. ஜனங்க பார்ப்பாங்களே."

மெர்ல் சுவரைப் பார்த்தபடி மனைவியைப் பார்த்தான். "இந்த வருஷம் அவ செய்யட்டும். முடியலைன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து நீங்க பார்த்துக்குங்க" என்றான். பேச்சு அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து ட்ரெய்லர் வேட்டை ஆரம்பமானது. முதலில் போன கடையில் விற்பனைக்காரப் பையன் ஒரு மாளிகையையே திறந்து காட்டினான். மின்சாரக் கணப்பு, சாய்வு சோபா, இரண்டு கதவு.

"இதுல எட்டுப் பேர் படுக்கலாம் மேடம்."

"நாங்க மூணு பேர்தான்."

"அப்ப அஞ்சு விருந்தாளி தாராளமா வரலாம்."

"விருந்தாளி வர்றதா இருந்தா நான் எதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பறேன்?"

பையன் அசரவில்லை. "உங்க டிரக் இதை அசால்டா இழுக்கும் மேடம்."

"காலி ட்ரெய்லரையா, உருளைக்கிழங்கு ஏத்தின ட்ரெய்லரையா?"

பதிலுக்குக் காத்திராமல் மார்சியா வாசலில் நின்ற தங்கள் பிக்கப் டிரக்கின் கதவைத் திறந்து, உள் விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டை டார்ச் அடித்துப் படித்தாள். வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதில் இருக்கிறது. ட்ரெய்லரின் எடை, அதன் மூக்கு டிரக்கின் கொக்கிமேல் வைக்கிற எடை, மெர்லின் எடை, டெஸ்ஸாவின் எடை, தன் எடை (அதை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்) எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க வண்டியை இழுத்துட்டுப் போகும்" என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.

அடுத்தடுத்த கடைகளில் அவர்கள் பண்ணிய கூத்தை விற்பனைக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். மார்சியாவின் முறை ஒன்றுதான்: உள்ளே போய் வாழ்ந்து பார்க்க வேண்டும். டெஸ்ஸா ரயில் பெர்த் மாதிரியான பங்க் படுக்கையில் ஏறிப் புரண்டு தலை முட்டுகிறதா என்று பார்ப்பாள். மார்சியா அடுப்பு முன்னால் நின்று இல்லாத முட்டையைப் பொரிப்பாள். மெர்ல் கழிவறைக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்த வேண்டும்.

"கதவு மூடிச்சா?" மார்சியா கேட்பாள்.

"மூடிச்சு."

"நீ உள்ள இருக்கியா?"

"நான் உள்ளதான் இருக்கேன். முழங்கால் வெளிய இருக்கு."

அடுத்த கடை. அங்கே முழங்கால் உள்ளே, தலை வெளியே. டெஸ்ஸா சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில், ஒரு பழைய ட்ரெய்லர், ஓரத்தில் காப்பிநிறக் கோடு போட்டது, யாரும் சீந்தாமல் வேலியோரம் நின்றிருந்தது. மெர்ல் உள்ளே போனான். கதவு மூடியது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் டெஸ்ஸா.

"ஒண்ணுமில்ல" என்றது உள்ளிருந்து குரல். "வசதியா இருக்கு. நீங்க போய்ப் பேரம் பேசுங்க."

பேரம் பேசுவதற்கு முன், மழை நாளில் உள்ளேயே அடைந்து கிடக்க முடியுமா என்ற சோதனை பாக்கி இருந்தது. மூன்று பேரும் குட்டி மேஜையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்து ரூக் ஆடினார்கள், அதுதான் ராஜா ராணி படமில்லாத, சபைக்காரர்கள் கூசாமல் ஆடுகிற சீட்டு. ஆட்டம் முடிகிறவரை யாரும் யாரையும் கடித்துக் குதறவில்லை என்றால் ட்ரெய்லர் பாஸ். விற்பனைக்காரர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோது டெஸ்ஸா ஜெயித்துக்கொண்டிருந்தாள், மெர்ல் சீட்டை மூக்கோரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கிவிட்டார்கள்.

பிறகு பயிற்சி. சனிக்கிழமை மத்தியானங்களில் முட்டைக் கூடத்து முற்றம் காலியாகக் கிடக்கும். காலி அட்டைப்பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, அதற்கு நடுவே ட்ரெய்லரை நிறுத்த வேண்டும். ரிவர்ஸில் ட்ரெய்லர் எதிர்க்கட்சி மாதிரி. நீங்கள் வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போகும்.

"கையை ஸ்டியரிங்குக்கு அடியில, வளையத்தோட கீழ்ப்பக்கம் வை" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று மெர்ல் சொல்லிக்கொடுத்தான். "இப்ப ட்ரெய்லரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. மெதுவா. தப்பாச்சுன்னா முன்னால எடு. முன்னால எடுக்கிறதுல ஒரு அவமானமும் இல்ல."

அவனுக்குப் பெட்டிகளும் தெரியாது, இடைவெளியும் தெரியாது. ஆனால் காது கூர்மை. டயருக்கு அடியில் சரளை எந்தப் பக்கம் நெரிகிறது என்று கேட்டே, "போதும், நிமித்து" என்பான். முதல் நாள் அட்டைப்பெட்டிகள் சப்பாத்தியாயின. ஜூலை பிறந்தபோது மார்சியா இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பெட்டிகூட அசையாமல் ட்ரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். திரும்பத் திரும்பச் செய்தாள், அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. இறங்கி வந்து மெர்லின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் சான்ட்விச்சும் கையுமாக வெளியே வந்தார். "அடடே, நல்லா ஓட்டறீங்களாமே. இன்னொரு தடவை பண்ணுங்க, பார்க்கலாம்" என்றார். மார்சியா ஏறினாள். வலது வரிசை முழுக்கச் சப்பாத்தி. வாட்ச்மேன் சான்ட்விச்சைச் சத்தமில்லாமல் மென்றுகொண்டே உள்ளே போய்விட்டார்.

"பார்த்தியா மெர்ல், ஏரிக்கரையில ஒரு வாட்ச்மேன் இல்ல, உங்க குடும்பம் மொத்தமும் நிக்கும்" என்றாள் மார்சியா. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் வந்தது. சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். ஏரிக்கரைக் கடையில் விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பதால் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, ஒரு மூட்டை வெங்காயம், மார்சியா கைப்பட ஜாடியில் போட்ட பீச் பழம் ஒரு பெட்டி, ஊறுகாய் ஒரு பெட்டி. போஸ்மாக்களில் யாரும் இதில் தப்புக் காண மாட்டார்கள்; வீட்டில் கிடங்கு நிறைய இருக்கும்போது கடைக்குக் காசு கொடுப்பது பாவத்துக்கு அடுத்த படி. தப்பு வேறு இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் டெஸ்ஸாவின் பங்க் படுக்கையில், ட்ரெய்லரின் வாலில் அடுக்கிவிட்டார்கள்.

நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு டிரக்கையும் சேர்த்து ஆட்டியது. கண்ணாடியில் காப்பிநிறக் கோடு இடது பக்கம் தெரிந்தது, வலது பக்கம் தெரிந்தது.

"பிரேக்கைத் தொடாதே. காலை மட்டும் மெதுவா எடு. ஸ்டியரிங்கை நேரா பிடி" என்றான் மெர்ல், என்னவோ உப்பு எடுத்துக் கொடு என்பது போல.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தாள். ஆட்டம் குறைந்தது, நின்றது. சாலையோரம் ஒதுக்கியதும் மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

"பின்னால பாரம் ஜாஸ்தி. ஜாடி கிணுகிணுக்கிறது வீட்டு வாசல்லேர்ந்தே கேட்டுது. சொல்லியிருக்கணும்" என்றான் மெர்ல்.

டெஸ்ஸா ட்ரெய்லர் கதவைத் திறந்தாள். "அம்மா, பீச்சு ஒண்ணுகூட உடையலை. ஆனா வெங்காயம் எல்லாம் பாத்ரூம்ல இருக்கு."

மார்சியாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. லாரிகள் சர்ர்ரென்று தாண்டிப்போக, மூன்று பேரும் வெங்காயம் பொறுக்கினார்கள். மூட்டைகளையும் ஜாடிகளையும் முன்பக்கம், சக்கரத்துக்கு முன்னால் தரையில் வைத்தார்கள். பிறகு வண்டி சொன்னபடி கேட்டது. அவ்வளவு பெரிய சாலையில், அவ்வளவு பெரிய பெட்டியின் ஆட்டத்தை நானல்லவா நிறுத்தினேன் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டுகூடப் பாடினாள்.

பாட்டு முகாம் வாசல்வரைதான். வெங்காயத்தால் நேரமாகிவிட்டதால் மற்ற எல்லோரும் முன்பே வந்து இறங்கி, மடக்கு நாற்காலிகளைச் சாலையைப் பார்த்துப் போட்டு, காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். முகாமுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது. ஏரியைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில், புதிதாக வருகிறவன் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்க வேண்டும்.

அவர்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே இருந்தது. முட்டைக்கூடத்துப் பெட்டி வரிசையைவிட அகலம்தான். மார்சியா டிரக்கை முன்னால் எடுத்து நிறுத்தினாள். கண்ணாடியில் பார்த்தால் ஒரே தலைகள். அதோடு ஆண்கள் எழுந்து வேறு வந்துவிட்டார்கள். ஒருவன் இடது கையைச் சுழற்றினான், இன்னொருவன் வலது கையை. ஒருவன் வா வா என்றான், அவன் தம்பி நில் நில் என்றான். லைல் நடுவில் நின்று இரண்டு கையாலும் விமானத்தை இறக்குவது போல ஏதோ செய்தான்.

ட்ரெய்லர் பைன் மரத்தைப் பார்க்கப் போனது. மார்சியா முன்னால் எடுத்தாள். மறுபடி. இந்தத் தடவை ட்ரெய்லரும் டிரக்கும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி, பாதையை மொத்தமாக அடைத்துக்கொண்டு நின்றன.

லைல் ஜன்னல் பக்கம் வந்தான். "மார்சியா, இதுல ஒண்ணும் தப்பில்ல. இறங்கு. சாவியைக் குடு. ரெண்டு நிமிஷத்துல போட்டுடறேன்."

சாவியைக் கொடுத்தால் இன்றைக்கு மட்டும் கொடுப்பதாகாது என்று அவளுக்குத் தெரியும். இறங்கவும் முடியவில்லை, ஓட்டவும் முடியவில்லை. நாளை ஞாயிறு, ஆண்டவரின் ஓய்வுநாள், போஸ்மாக்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்ப மாட்டார்கள். இன்றைக்கு நிறுத்தாவிட்டால் திங்கள் வரைக்கும் பாதை அடைபட்டுத்தான் கிடக்கும்.

அந்த நேரம் வில்மா சாப்பாட்டு மணியை அடித்தாள். மரத்தடியில் நீள மேஜைகளில் ஹாம் பன்னும் உருளைக்கிழங்கு சாலடும் பச்சை நிற ஜெல்லியும் காத்திருந்தன.

"சரி, சாப்பிட்டு வந்து நானே நிறுத்திடறேன். சாவி வண்டியிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு லைல் போனான். மற்றவர்களும் போனார்கள்.

"நான் கை துடைச்சிட்டு வர்றேன்" என்றாள் மார்சியா. மெர்ல் டெஸ்ஸாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவள் மட்டும் டிரக்கில் உட்கார்ந்திருந்தாள்.

மேஜைத் தலைமாட்டில் ஹார்ம் பெரியப்பா எழுந்தார். மெர்லின் அப்பாவுக்கு அண்ணன், சபை மூப்பர், எண்பதைத் தாண்டியவர். அவர் சாப்பாட்டு ஜெபம் குடும்பத்தில் பிரசித்தம். மற்றவர்கள் வாயில் போட்ட பெப்பர்மின்ட் கரைவதற்குள் ஜெபத்தை முடிப்பார்கள். அவருக்கு இரண்டு பெப்பர்மின்ட் வேண்டும். "ஜெபிப்போம்" என்றார். அத்தனை தலையும் குனிந்தது, அத்தனை கண்ணும் மூடியது.

மார்சியா கண்ணாடியில் பார்த்தாள். உச்சந்தலைகள். வழுக்கை, நரை, சடை, தொப்பி கழற்றிய தலைகள். ஒரு கண்கூட இல்லை.

யோசிக்கவே இல்லை. சாவியைத் திருப்பினாள்.

"பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்றார் ஹார்ம் பெரியப்பா. டிரக் உறுமியது. லைலின் கழுத்து ஒரு துடி துடித்தது, ஆனால் நிமிரவில்லை. ஜெபத்தில் கண் திறக்கிற வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. தலையில் மரமே விழுந்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

முதலில் முன்னால் எடுத்து மடிப்பைப் பிரித்தாள். கையை ஸ்டியரிங்குக்கு அடியில் வைத்தாள். சரளைக்கல் நெரிந்தது. பெரியப்பா ஹாமுக்கு நன்றி சொன்னார், பன்றி வளர்த்தவருக்கு நன்றி சொன்னார், சோளத்துக்கு மழை கேட்டார். ட்ரெய்லரின் வால் இடது மரத்தைத் தாண்டியது. இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர்களைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தார். கொஞ்சம் அதிகம் போய்விட்டது, முன்னால் எடுத்தாள். ஒரு அவமானமும் இல்லை. நாட்டை ஆள்கிறவர்களுக்குப் புத்தி கேட்டார். மறுபடி பின்னால், மெதுவாக, மெதுவாக. இன்னும் ஒரு தடவை முன்னால் எடுத்து நேர் பண்ண வேண்டியிருந்தது. ஜெபம் முடிகிற நேரம்தான், அவளுக்கே தெரிந்தது. ஆனால் பெரியப்பா திடீரென்று மிஷனரிகளை ஆரம்பித்தார். ஆப்பிரிக்காவில் இருப்பவர்கள், ஜப்பானில் இருப்பவர்கள், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் படிப்பு. ஒரு குழந்தை முனகியது, யாரோ வாயில் பெப்பர்மின்ட் வைத்தார்கள். ட்ரெய்லர் இரண்டு மரத்துக்கும் நட்டநடுவே போய் நின்றது. மார்சியா என்ஜினை அணைத்தாள்.

"ஆமென்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். அவள் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். மெர்ல் மட்டும் திரும்பவில்லை. "எனக்குக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒண்ணுதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். "நேரா நிக்குது, சத்தத்துலயே தெரியுது." அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை.

லைல் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஆனா அடுத்த வருஷம் ஜெபம் சின்னதா இருந்தா என்ன பண்ணுவே மார்சியா?" எல்லோரும் சிரித்தார்கள், மார்சியாவும் சிரித்தாள். ஆனால் அது சுருக்கென்றுதான் தைத்தது. சரிதானே, யாரும் பார்க்காதபோது செய்வது அவளுக்கு என்ன புதுசு?

தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது ஹார்ம் பெரியப்பா பின்னால் வந்து நின்றார். "சாலட் கொஞ்சம் போடும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ கடைசியா ஒரு தடவை முன்னால எடுத்தியே, அப்ப எனக்கு ஜெபிக்க ஆளே மிச்சமில்ல. அந்த ஜப்பான் மிஷனரிங்க எல்லாம் ஊருக்குத் திரும்பி வந்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

மார்சியாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "பெரியப்பா, நீங்க கண்ணைத் திறந்து வெச்சிருந்தீங்களா?"

"ஆரம்பத்துலேர்ந்தே. உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆண்டவர் என்கிட்ட கேக்கும்போது பதில் சொல்லிக்கிறேன். சாலட் போடு."

அவள் சாலட் போட்டாள். தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு வந்தது பயமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருத்தர் பார்த்திருக்கிறார். முதலிலிருந்து கடைசி வரை பார்த்திருக்கிறார். ட்ரெய்லர் நடுவில்தான் நிற்கிறது.

நேரே டிரக்குக்குப் போனாள். கட்டையை எடுத்தாள். ஏறினாள். ட்ரெய்லர் மொத்தத்தையும் வெளியே பாதைக்கு இழுத்து நிறுத்தினாள்.

"என்ன பண்றா இவ?" என்றாள் வில்மா.

"வெளிய எடுக்கிறா" என்றான் மெர்ல்.

மார்சியா ஜன்னலை இறக்கினாள். "சாப்பாடு ஆறினா ஆறட்டும். எல்லாரும் இப்படித் திரும்பி நல்லா பாருங்க. கையை மட்டும் யாரும் ஆட்டாதீங்க."

பார்த்தார்கள். ஹாம் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு மென்றபடி அத்தனை பேரும் பார்த்தார்கள். லைலின் கை தானாக மேலே எழும்ப, வில்மா அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மார்சியாவின் கை நடுங்கியது, ஸ்டியரிங்குக்கு அடியில் நன்றாகவே நடுங்கியது. நடுங்குகிற கையையே நகர்த்தினாள். வால் மரத்தைத் தொடப் பார்த்தது. முன்னால் எடுத்தாள். மறுபடி முன்னால் எடுத்தாள். மறுபடியும். யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசியில் ட்ரெய்லர் இரண்டு மரத்துக்கும் நடுவே வந்து, சற்றே சாய்ந்த கோணத்தில் நின்றது.

அவள் இறங்கினாள். கால் தரையில் பாவவில்லை. டெஸ்ஸா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"முதல் தடவை நேரா இருந்துதே, இப்பக் கோணலா இருக்கே" என்றான் லைல்.

"கோணல்தான்" என்றாள் மார்சியா, முகமெல்லாம் சிரிப்பாக. "அப்படியே இருக்கட்டும்."

லைல் தலையைச் சொறிந்தான். "சரி, ஒத்துக்கிறேன். அப்ப வெள்ளிக்கிழமை காலையில நான் கிளம்பறப்ப நீங்களும் கூடவே..."

"தெரியலை லைல்" என்றாள் அவள், எல்லோர் முன்னாலும், எல்லோரும் பார்க்க. "எங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கிளம்பறோம்."

பிறகு மேஜைக்குப் போய் இரண்டு ஹாம் பன் சாப்பிட்டாள்.